பைக்காரா மின்சாரமும் பட்டறைத் தரையும்

கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றை எழுதுகிற யாரும் 1932ஆம் ஆண்டைத் தொடாமல் போக முடியாது. நீலகிரியில் பிறந்த பைக்காரா ஆற்றின் நீர், சிங்காரா மின்நிலையத்தில் மின்சாரமாகிக் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கியது அந்த ஆண்டில்தான். பிறகு நூற்பாலைகள் பெருகின. கவலை ஓட்டிய கிணற்று மேட்டில் மோட்டார் வந்தது. தெருவுக்குத் தெரு லேத்துப் பட்டறை முளைத்தது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்தது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் மின்சாரம் வந்ததற்கும் தொழில் வளர்ந்ததற்கும் நடுவில் ஒரு படியை நம் வரலாறுகள் விட்டுவிடுகின்றன. ஒரு பட்டறைக்காரர் தம் மில்லிங் இயந்திரத்தை எந்த இடத்தில், எந்தத் திசையில், எதன்மேல் நிறுத்தினார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. சின்னக் கேள்வியாகத் தோன்றும். பைக்காரா செய்த மாற்றத்தை மெகாவாட் கணக்கைவிட இதுவே தெளிவாகக் காட்டும் என்பது என் வாதம். விசையைச் சிறு பங்குகளாக வாங்கலாம், இயந்திரத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்ற இரண்டு வசதிகளை அது சேர்த்துக் கொடுத்தது. கொங்கு நாட்டின் சிறு பட்டறை அந்த இரண்டின்மேல் எழுந்தது.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா என்றால் இன்று பலருக்கும் படகுத்துறையும் அருவியும்தான் நினைவுக்கு வரும். முக்குருத்தி மலைப்பக்கம் தோன்றி வடக்கு நோக்கி ஓடும் இந்த ஆறு, மேட்டுநிலத்தின் விளிம்பில் விழுந்து, கீழே மாயாறு என்று பெயர் மாறி, கடைசியில் பவானியில் சேர்கிறது. நீரின் அளவைவிட அது விழும் உயரமே இதன் செல்வம். கிளன்மார்கனில் தேக்கி எஃகுக் குழாய்களில் இறக்கும் நீர், அடிவாரத்துச் சிங்காராவை அடையும்போது ஏறத்தாழ 3000 அடி, அதாவது 900 மீட்டருக்குக் குறையாமல் இறங்கியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து இறங்கினால், இழப்புகள் போக, சுமார் 7 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். சிங்காராவில் முதலில் நிறுத்திய மூன்று இயந்திரங்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அந்த அளவு கொண்டவை. காவிரியின் மேட்டூரில் 1937இல் தொடங்கிய அணையடி மின்நிலையம் அதே மின்சாரத்துக்குப் பல மடங்கு நீரைத் திறந்துவிட வேண்டும். சிறிய ஆறு, பெரிய உயரம்: இந்தச் சேர்க்கையால்தான், பஞ்சமும் கடனும் அழுத்திய காலத்தில்கூட, சென்னை மாகாண அரசால் இத்திட்டத்தில் துணிந்து இறங்க முடிந்தது. மின்சாரத்துக்கென்று 1927இல் தனித் துறை அமைந்தது. ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இருந்த சி.பி. ராமசாமி ஐயர் திட்டத்துக்காக முன்னின்றார். 1938இல் முக்குருத்தி அணை சேர்ந்து, மழைக்கால நீரைக் கோடைக்குச் சேமித்து வைத்தது. 1954க்குள் சிங்காராவின் இயந்திரங்கள் ஆறாகி, மொத்தத் திறன் 59.2 மெகாவாட்டை எட்டியது.

தென்னிந்தியாவில் நீர்மின்சாரம் இதற்கு முன்பே உண்டு. மைசூர் அரசு 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்தது. நீலகிரியிலேயே, குன்னூருக்கு அருகில் உள்ள காட்டேரி அருவியின் நீர், இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு விசை கொடுத்தது. மேற்கே கோபோலியில் டாட்டாக்கள் 1915இல் தொடங்கிய நிலையம் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்காக அமைந்தது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது இயல்பு தெரியும். ஒவ்வொன்றும் கட்டும்போதே தன் பெரிய வாடிக்கையாளரைக் கையில் வைத்திருந்தது: ஒரு சுரங்கம், ஒரு ஆலை, ஒரு நகரத்து ஆலைக்கூட்டம். பைக்காராவுக்கு அப்படி ஒற்றைப் பெருவாடிக்கையாளர் கிடையாது. கோவை, நீலகிரி வட்டாரங்களில் சிதறிக் கிடந்த ஆலைகள், எஸ்டேட்டுகள், ஊர்விளக்குகள், கிணறுகள் எல்லாவற்றையும் கூட்டித்தான் அது தன் மின்சாரத்தை விற்றாக வேண்டும். இந்தக் கட்டாயத்தின் பலன் பின்னால் வரும்.

இயந்திரத்தை நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்குச் சிங்காராவே முதல் சாட்சி. 900 மீட்டர் உயரத்து நீர் முனைக்குழாயைவிட்டு வெளிவரும்போது நொடிக்கு 130 மீட்டர் வேகத்தில் பாயும். மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேல். குழாயின் அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 90 கிலோ அளவு அழுத்தம் இருக்கும். அந்தப் பாய்ச்சல் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் விழுகிறது. ஒவ்வொரு கிண்ணமும் நடுவில் கூர்மையான வரப்பு கொண்ட இரட்டைக் குழி. நீர்த்தாரை வரப்பின்மேல் சரியாக விழுந்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து திரும்பும். சற்று விலகினாலும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும், பேரிங் சூடேறும், கிண்ணம் தேயும். ஆகவே முனைக்குழாயின் மையமும் சக்கரத்தின் மையமும் ஜெனரேட்டர் அச்சின் மட்டமும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். தொழிற்சாலையில் எவ்வளவு துல்லியமாகக் கடைந்திருந்தாலும் இந்த இசைவைத் தொழிற்சாலையில் செய்து அனுப்ப முடியாது. அதை அந்த மலையடிவாரத்தில், அந்த அஸ்திவாரத்தின்மேல்தான் உண்டாக்க வேண்டும். கிளன்மார்கனுக்கும் சிங்காராவுக்கும் இடையே செங்குத்துச் சரிவில் தண்டவாளம் போட்டு, கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச் வண்டியை ஓட்டியதும் இதே வேலையின் பகுதிதான். சக்கரத்தை வார்த்தவர்கள் எங்கிருந்தாலும் இருக்கட்டும், அதன் பாதித் துல்லியம் நீலகிரிச் சரிவில் உருவானது. கல்வெட்டுகளில் பெயர் பெறாத பிட்டர்களும் கம்பிவடக்காரர்களும் கொத்தனார்களும் அந்தப் பாதியைச் செய்தார்கள்.

பெல்டன் சக்கரத்துக்குப் பொருந்தும் இந்த உண்மை பட்டறையின் மில்லிங் இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தும். லேத்தில் வேலைப்பொருள் சுழலும், கத்தி நிற்கும். அதனால் உருண்டையானதெல்லாம் லேத்தின் பங்கு. மில்லிங்கில் பல் வைத்த கத்தி சுழலும், மேஜையோடு சேர்ந்து பொருள் நகரும். தட்டைப் பரப்பு, காடி, சாவித்தடம், பற்சக்கரப் பல் எல்லாம் இதன் பங்கு. அமெரிக்காவில் ஜோசப் ஆர். பிரவுன் 1862இல் யுனிவர்சல் மில்லிங் இயந்திரத்தை வடிவமைத்ததற்குக் காரணமே டிரில்லில் சுருள் காடி வெட்டும் வேலைதான். அதுவரை அதை அரத்தால் கையில் ராவிக் கொண்டிருந்தார்கள். இரும்பில் கத்தி விட்டுவிட்டு வெட்டுவதால் ஒவ்வொரு பல்லும் ஒரு அடி போல இறங்கும். இயந்திரத்தின் உடல், மேஜை, தரை மூன்றில் எது தளர்ந்திருந்தாலும் வெட்டிய பரப்பில் அலை அலையாகத் தடம் விழும். எனவே லேத்தை ஓரளவு சுமாராக நிறுத்தி வேலை வாங்கும் பட்டறைகூட மில்லிங்கை அப்படி நிறுத்தித் தப்ப முடியாது.

மின்மோட்டாருக்கு முந்தைய பட்டறையில் அதை நிறுத்துவது எப்படி என்று பாருங்கள். ஒரு மூலையில் நீராவி எஞ்சினோ ஆயில் எஞ்சினோ இருக்கும். அதிலிருந்து கூரையை ஒட்டி நீண்ட ஷாஃப்ட் ஒன்று பட்டறையின் முழு நீளத்துக்கும் ஓடும். அதன் புல்லிகளிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் இறங்கும். இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தை வெளிச்சமோ வேலையின் வரிசையோ தீர்மானிக்காது. மேலே ஓடும் ஷாஃப்ட் தீர்மானிக்கும். இயந்திரத்தின் ஸ்பிண்டில் ஷாஃப்ட்டுக்கு இணையாக அமைய வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் புல்லியிலிருந்து வழுக்கி விழும். நீண்ட இரும்புத் துண்டை மேஜையில் கட்டினால் அது சுவரில் இடிக்கும். திசை மாற்றலாம் என்றால் ஷாஃப்ட் விடாது. தலைக்கு மேலே பெல்ட்டுகள் காடாகத் தொங்குவதால் கனமான பொருளை மேலிருந்து தூக்கி இறக்கவும் வழியில்லை. இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. இழுத்துக் கட்டிய பெல்ட் இயந்திரத்தை ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட்டைத் தாங்கும் உத்தரம் மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும்போது அந்த இழுவை மாறும். தரையில் எவ்வளவு பாடுபட்டு மட்டம் பார்த்தாலும், கூரை அதைக் கலைத்துவிடும். பட்டறையில் எந்த ஒரு இயந்திரம் அரைமணி நேரம் ஓட வேண்டுமானாலும் எஞ்சினும் முழு ஷாஃப்ட்டும் ஓடியாக வேண்டும்.

தனி மோட்டார் வந்ததும் இயந்திரத்துக்குக் கூரையோடு உறவு அறுந்தது. இனி அதற்கு இரண்டே தேவைகள்: கம்பி, தரை. கம்பி எங்கும் வளையும். ஆகவே பிட்டரின் முழுக் கவனமும் தரைமேல் விழுந்தது. அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கும் உண்டு. கான்கிரீட் படுகையை மற்றத் தரையோடு ஒட்டாமல் தனியே போட்டு ஆறவிட வேண்டும். இயந்திரத்தை உருளைகள்மேல் நகர்த்தி, ஜாக்கியாலும் கடப்பாரையாலும் இடம் சேர்த்து, அஸ்திவார போல்ட்டுகளின்மேல் தளர்வாக உட்கார வைக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் இங்கே போதாது; மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வையும் காட்டும் நுண்மட்டத்தை மேஜையின் நீளவாட்டிலும் குறுக்கிலும் வைத்து, காலடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகி நேராக்க வேண்டும். பிறகு கலவை ஊற்றி, இறுகியபின் நட்டை முறுக்கி, மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு கல்போலத் தோன்றினாலும் மேடுபள்ளமான அடித்தளத்தில் போல்ட்டை முறுக்கினால் அது முறுகிக்கொள்ளும். அதன்பின் ஸ்பிண்டிலில் டயல் கேஜைக் கட்டி, மேஜைமேல் வட்டமாகச் சுற்றி, தலை செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது. வைஸின் தாடை மேஜை நகரும் கோட்டுக்கு இணையா என்று பார்ப்பது. வழுக்குத் தடங்களின் ஜிப்பை இறுக்கி ஆட்டத்தை எடுப்பது. இவ்வளவும் முடிந்தால் மட்டுமே அந்த இயந்திரம் தன்னைச் செய்தவர்கள் வாக்களித்த துல்லியத்தைத் தரும்.

இதில் சிங்காராவுக்கும் ஒரு நேரடிப் பங்கு உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. நாற்பது ஐம்பது பட்டறைகளில் ஓடும் மோட்டார்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழலக் காரணம், மின்நிலையத்தில் சக்கரத்தின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கவர்னர். நொடிக்கு 50 சுற்று கொண்ட மின்னோட்டத்தில் நான்கு துருவ மோட்டார் ஒன்று சுமை ஏற்றிய நிலையில் நிமிடத்துக்கு 1440 அளவில் சுழலும். பட்டறை ஆட்களுக்கு இந்த எண் மனப்பாடம். சமவெளியில் சுமை கூடினால் சிங்காராவில் முனைக்குழாயின் ஊசி சற்றுப் பின்வாங்கி நீரைக் கூட்டும், குறைந்தால் முன்னேறி அடைக்கும். அதனால் மில்லிங் கத்தியின் ஒவ்வொரு பல்லும் சம அளவு இரும்பைச் சீவும். பெல்ட் வழுக்கி வேகம் குறைந்து, பரப்பில் வரி விழுந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரண லாபமல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: சிறிய ஆயில் எஞ்சின் பைக்காராவுக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டதே, சிறு பங்கு விசையை அதுவே கொடுத்திருக்குமே? கொடுத்தது, மறுக்கவில்லை. அரிசி ஆலையும் கிணற்றுப் பம்பும் அதில் ஓடின. ஆனால் துல்லிய வேலைக்கு அது பொருந்தாத துணை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு முறை உந்தும். கனமான ஃப்ளைவீல் வைத்தாலும் வேகம் ஏறி இறங்கும். அதன் அடி தரை வழியாகப் பக்கத்து இயந்திரத்துக்குப் போகும். மில்லிங் படுகையைத் தரையிலிருந்து பிரித்துப் போடச் சொன்ன அதே காரணத்தால் எஞ்சினைத் தள்ளிவைக்க வேண்டும், தள்ளிவைத்தால் மறுபடி ஷாஃப்ட் வேண்டும். ஆக, ஆயில் எஞ்சின் விசையைச் சிறு அளவாக்கியதே தவிர, இயந்திரத்தின் இடத்தை விடுவிக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு வசதிகளும் சேர்ந்து வந்தால்தான் பலன் என்று நான் கருதுவது இதனால்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மோட்டார் வந்த உடனே ஷாஃப்ட் மறையவில்லை. ஒரு பெரிய மோட்டாரை வாங்கி, எஞ்சின் இருந்த மூலையில் வைத்து, பழைய ஷாஃப்ட்டையே சுழற்றுவதுதான் உலகெங்கும் முதலில் நடந்தது. அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் காட்டினார்: 1880களிலேயே மின்நிலையங்கள் வந்தும், அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித் திறன் துள்ளி உயர்ந்தது 1920களில்தான், ஆலைக் கட்டடத்தையும் இயந்திர வரிசையையும் தனி மோட்டாருக்கு ஏற்ப மாற்ற அவ்வளவு காலம் பிடித்தது. அப்படியானால் 1932இல் வந்த மின்சாரம் கோவைப் பட்டறையின் தரையை உடனே மாற்றியது என்பது மிகைதானே? ஆலைகளைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஏற்கலாம். 1888இல் தோன்றிய ஸ்டேன்ஸ் ஆலை போன்றவற்றுக்கு நீராவி எஞ்சினும் ஷாஃப்ட்டும் இருந்தன. அவற்றில் போட்ட முதல் வீணாகக்கூடாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் டேவிட்டின் வாதத்தையே திருப்பிப் பார்த்தால் கோவையின் சிறு பட்டறைக்கு அது ஆதரவாகிறது. காலதாமதத்துக்குக் காரணம் பழைய ஷாஃப்ட் என்றால், பழைய ஷாஃப்டே இல்லாதவருக்குத் தாமதிக்க என்ன இருக்கிறது? மின்சாரம் வந்தபிறகே ஒற்றை லேத்தோடு தொடங்கியவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பழைய அமைப்பு எதையும் சுமக்கவில்லை. அவருக்கு ஷாஃப்ட் தேவைப்படும் அளவுக்கு இயந்திரங்களும் இல்லை. ஒரு இயந்திரம், ஒரு மோட்டார், வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை: இதற்கு மேல் அவர் எதையும் திட்டமிட வேண்டியிருக்கவில்லை.

கோவையின் வளர்ச்சிக்கு வேறு காரணங்களைச் சொல்வோர் உண்டு. கரிசல் மண்ணில் விளைந்த நல்ல பருத்தி, 1930களின் மந்தத்தில் நிலத்திலிருந்து ஆலைக்கு நகர்ந்த விவசாயிகளின் பணம், வெளிநாட்டுத் துணிக்கும் நூலுக்கும் போட்ட சுங்கப் பாதுகாப்பு, கொங்கு வட்டாரத்துக் குடும்பங்களின் உழைப்பும் உறவுவழிக் கடனும் எல்லாம் உண்மை. இவை நூற்பாலைகள் ஏன் பெருகின என்பதை நன்றாக விளக்குகின்றன. ஆனால் நூற்பாலை வேண்டுமானால் தனக்கென்று நீராவி எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பம்பாயிலும் அகமதாபாதிலும் வாங்கியிருந்தது. பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் வார்ப்படச் சாலைகளும் இரண்டு மூன்று இயந்திரங்களே கொண்ட பட்டறைகளும் ஏன் இத்தனை சிதறலாக, இத்தனை சிறிதாக எழுந்தன என்பதை அவை விளக்கவில்லை. பணமும் பருத்தியும் இருந்த மற்ற ஊர்களில் ஆலை வந்தது. இந்த வடிவத்தில் பட்டறை வரவில்லை. திறமை முன்பே இருந்தது என்பதும் சரி. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926லேயே தொழிற்கூடம் தொடங்கி, இளைஞர்களுக்கு இரும்பு வேலை கற்பித்து, இயந்திரங்களும் செய்யத் தொடங்கியது. திறமைக்கு ஒரு கூடம் போதும். திறமை பெற்றவர் வெளியே வந்து தன் காலில் நிற்க, வாங்கக்கூடிய அளவில் விசை வேண்டும். மின்கம்பம் அந்த இடைவெளியை நிரப்பியது.

சான்று 1937இல் கிடைக்கிறது. பைக்காரா மின்சாரம் வந்து ஐந்தே ஆண்டுகளில் ஜி.டி. நாயுடுவும், பிற்காலத்தில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் உள்நாட்டிலேயே செய்த முதல் மோட்டாராக இது போற்றப்படுகிறது. இதைத் தனிமனித மேதைமையின் கதையாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். மேதைமையை நான் குறைக்கவில்லை. அந்த மோட்டாரின் உள்ளே இருப்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி, சிறு மோட்டார்களில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு பக்க மூடிகளின் பேரிங் துளைகள் ஒரே கோட்டில் அமையாவிட்டால் உரசும். அச்சில் சாவித்தடம் நேராக வெட்டப்படாவிட்டால் புல்லியோ பம்பின் இம்பெல்லரோ ஆடும். மட்டம் பார்த்து நிறுத்திய இயந்திரங்கள் இல்லாமல் இப்படி ஒரு பொருளைச் செய்ய முடியாது. சிங்காராவின் மின்சாரத்தில் ஓடிய மோட்டார், அடுத்த மோட்டாரைச் செய்யும் இயந்திரத்தை ஓட்டிய நிலைக்குக் கோவை அதற்குள் வந்துவிட்டது.

பிறகு 1939இல் போர் வந்தது. லங்காஷயரிலிருந்து வந்த நூற்பு இயந்திரங்களின் உதிரிப் பாகங்களுக்கு இங்கிலாந்தை நம்பியிருந்த ஆலைகள் திகைத்தன. தேய்ந்த பற்சக்கரத்தை உள்ளூரிலேயே வெட்டித் தர ஆள் தேவைப்பட்டது. இங்குதான் மில்லிங் இயந்திரம் பட்டறையின் நடுவிடத்துக்கு வருகிறது. பற்சக்கரம் வெட்ட டிவைடிங் ஹெட் என்ற துணைக்கருவி வேண்டும். அதன் கைப்பிடியை 40 முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒரு முறை சுற்றும். 36 பல் வேண்டுமானால் ஒவ்வொரு பல்லுக்கும் 40ஐ 36ஆல் வகுத்த அளவு, அதாவது ஒரு முழுச் சுற்றும் ஒன்பதில் ஒரு பங்கும்; 18 துளை உள்ள வட்டத்தில் ஒரு சுற்றோடு இரண்டு துளை தள்ளி நிறுத்துவார்கள். கணக்கு எளிது. ஆனால் ஹெட்டின் மையமும் எதிர்முனையின் மையமும் மேஜைக்கு இணையாக இல்லாவிட்டால் பல் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழும். அந்தச் சக்கரம் ஆலையில் ஒரு வாரம் தாங்காது. அந்நாளில் மில்லிங் இயந்திரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் பெங்களூரில் தோன்றியதே 1953இல்தான், அதன் பிஞ்சோர் பிரிவு மில்லிங் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது 1960களில். கைமாறி வந்த பழைய இயந்திரத்தோடு, செய்தவர் அனுப்பும் பிட்டர் வரமாட்டார். வழுக்குத் தடத்தில் நீலச்சாயம் தடவி, மேடு தெரியும் இடத்தைச் சுரண்டியால் சுரண்டி, மறுபடி நிறுத்தி மட்டம் பார்ப்பதை உள்ளூர்க் கைகளே கற்றன. பின்னாளில் கோவை தானே லேத்தும் நூற்பு இயந்திரமும் செய்யும் ஊரானதற்கு இந்தக் கல்வி அடித்தளம்.

மின்துறையின் கட்டாயத்தை மேலே சொன்னேன். நீர்மின் நிலையத்தின் செலவு ஏறக்குறைய முழுவதும் கட்டி முடிக்கும்போதே ஆகிவிடும். பிறகு நிலக்கரி வாங்க வேண்டியதில்லை. விற்காத மின்சாரம் வழிந்தோடும் நீர்தான், அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். அதனால் ஆலைக்கு விற்று மிஞ்சியதை யார் வாங்கினாலும், எவ்வளவு சிறிய அளவில் வாங்கினாலும், துறைக்கு அது வரவு. கிணற்றுக்கும் பட்டறைக்கும் கம்பி இழுக்க அதற்கு ஒரு கணக்கு இருந்தது. கோவை வட்டாரத்தின் ஆழமான பாறைக் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது இப்படித்தான். நாடு விடுதலை பெற்றபோது மின் பம்புசெட்டில் சென்னை மாகாணம் முன்னணியில் இருந்தது. பம்பு ஓடினால் பம்பு பழுதாகும். பழுதானால் பட்டறைக்கு வேலை. ஒரே கம்பி பட்டறைக்கு விசையையும் கொடுத்தது, வாடிக்கையாளரையும் கொடுத்தது. அருவங்காட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே காட்டேரியின் மின்சாரம் பைக்காராவுக்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே வந்துவிட்டது. தொழிற்சாலையின் மதிலுக்குள் தேர்ந்த தொழிலாளிகளும் இருந்தார்கள். ஆனாலும் மதிலுக்கு வெளியே பட்டறைக் கூட்டம் எதுவும் எழவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலை ரகசியம் காக்கும் இடம் என்பதும், மலையில் சமநிலமும் சந்தையும் குறைவு என்பதும் காரணங்கள்தாம். அவற்றோடு, அங்கே விசை ஒரே கையில் இருந்தது, வெளியில் யாரும் அதை வாங்கும் வழி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி மறுப்பு மலையிலிருந்து வருகிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதைவிட, அது என் வாதத்தின் மறுபக்கம் என்பதே சரி. பைக்காரா இத்தனை கொடுத்தது என்றால் பைக்காராவுக்கு என்ன கிடைத்தது? தோடர்களுக்கு இந்த ஆறு தெய்வம். அதைக் கடப்பதற்கே அவர்களிடம் முறைகள் இருந்ததை மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். முக்குருத்தி மலையும் அவர்களுக்குப் புனிதமானது. அந்த ஆற்றையும் மலையையும் தொட்டுத்தான் அணைகள் எழுந்தன. தேயிலைத் தொழிற்சாலைகளின் உருட்டு இயந்திரங்களுக்கு மோட்டார் வந்தது, ஊருக்கு விளக்கு வந்தது; ஆனால் இயந்திரம் செய்யும் தொழில் மலையில் வேர்விடவில்லை. காரணம் எளிது, கசப்பானது. மில்லிங் இயந்திரத்தை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஆக்கிய அதே தன்மை, விசையைப் பிறந்த இடத்தில் பயன்படுத்த வேண்டிய தேவையையும் ஒழித்துவிட்டது. பழைய நீர்ச்சக்கரத்தை நம்பிய ஆலை ஆற்றங்கரையை விட்டுப் போக முடியாது. மின்சாரத்தை நம்பிய ஆலை பருத்தியும் ஆளும் சந்தையும் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். 2005இல் முடிந்த பைக்காரா இறுதிநிலைத் திட்டத்தின் மூன்று 50 மெகாவாட் இயந்திரங்கள் மலைக்குள் குடைந்த குகையில் நிற்கின்றன; அவற்றின் மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலந்து, எந்த ஊருக்குப் போகிறது என்று பிரித்துச் சொல்லவே முடியாதபடி பரவுகிறது. கோவையின் பட்டறைகள் உண்மையான சாதனை, அவற்றை இயலச் செய்தது பைக்காரா. இரண்டையும் நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்தச் சாதனையின் கணக்கில் மலைமக்களின் ஆறு ஒரு செலவினமாக எழுதப்பட வேண்டும். தொழில் வரலாற்று நூல்களில் இதுவரை அது வரவுப் பக்கத்தில் மட்டும், அதுவும் கிலோவாட்டாக மட்டுமே, வந்திருக்கிறது.